நீறு பூத்த நெருப்பும் ஒரு டிகிரி வித்தியாசமும்

கார்த்திகை மழை மூன்று நாளாக விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்தபோது நெய்வேலிக்குப் போயிருந்தேன். இந்திரா நகரில் சித்தப்பா வீடு. நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்து, ஓய்வு பெற்ற பணத்தில் கட்டிய வீடு.

உள்ளே நுழைந்ததுமே சித்தி என்னைப் படுக்கையறைக்கு இழுத்துக்கொண்டு போனார். "இதைப் பாரும்மா" என்று மேலே காட்டினார். கூரையில் தாம்பாளம் அளவுக்கு ஓர் ஈரத்திட்டு. அதிலிருந்து சுவரோடு இறங்கிய கறை, கீசர் சுவிட்ச் இருக்கும் போர்டுக்கு ஒரு முழம் மேலே வந்து நின்றிருந்தது.

"காலையில குளிக்கப் போறப்ப கீசரைப் போட்டா லேசா கருகுன வாசனை வருது. இவர்கிட்ட சொன்னா, உனக்கு மூக்கு ஜாஸ்திங்கறார்."

சித்தப்பா பதில் சொல்லவில்லை. ஆனால் மாப்பிள்ளை, அதாவது என் தங்கை வீட்டுக்காரர், தயாராக வந்திருந்தார். கைபேசியின் அடியில் செருகும் குட்டித் தெர்மல் கேமரா ஒன்று அவரிடம் இருந்தது. பக்கத்துத் தெருவில் சோலார் பேனல் மாட்டும் பையனிடம் கேட்டு, கையில் பிடிக்கும் பெரிய கேமரா ஒன்றையும் இரவல் வாங்கி வந்திருந்தார். இரண்டையும் சுவரைப் பார்த்துப் பிடித்தார்.

கைபேசிப் படம் பட்டுப் புடவை மாதிரி வழவழவென்று நீல நிறத்தில் இருந்தது. பெரிய கேமராவின் படத்தில் மணலை வாரி இறைத்த மாதிரி ஒரே புள்ளி. எல்லாப் புள்ளியும் துடித்துக்கொண்டிருந்தன.

"பெரிசுல ஏதோ கோளாறு போல. போன்ல தெளிவா இருக்கு பாருங்க. சுவிட்ச் போர்டுல ஒண்ணுமில்லை அத்தை, பயப்படாதீங்க" என்றார்.

எல்லோரும் நிம்மதியாகக் காபி குடித்தோம். அந்த நிம்மதி எவ்வளவு தப்பு என்பதுதான் இந்த வாரக் கதை.

இலங்கை வானொலி கேட்ட காதுக்குத் தெரியும்

தெர்மல் கேமரா வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பொருளும் தன் சூட்டுக்கு ஏற்ப வெளியே விடும் அகச்சிவப்புக் கதிரைப் பார்க்கிறது. இப்படிக் கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று இருப்பதை வில்லியம் ஹெர்ஷல் 1800-ல் கண்டுபிடித்தார். சூரிய ஒளியை நிறங்களாகப் பிரித்து, சிவப்புக்கு அப்பால் ஒன்றுமே தெரியாத இடத்தில் தெர்மாமீட்டரை வைத்தார். அங்கேயும் சூடு ஏறியது.

இன்றைக்குக் கடையில் கிடைக்கும் சாதாரணத் தெர்மல் கேமராக்களுக்குள் ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி உணரிகள் வரிசை கட்டி இருக்கின்றன. ஒவ்வொன்றும் தலைமுடியின் குறுக்களவைவிடப் பல மடங்கு சிறியது. எதிரே இருக்கும் பொருளின் சூடு பட்டால் உணரியும் துளியூண்டு சூடாகும். அதன் மின்தடை மாறும். அந்த மாற்றம்தான் நிறமாகத் திரையில் வருகிறது. அந்தத் துளியூண்டு மாற்றத்தோடு, கேமராவின் சொந்த நடுக்கமும் சேர்ந்தே வரும். இதைத்தான் இரைச்சல் என்கிறார்கள்.

படத்தில் ஏது இரைச்சல் என்று கேட்கலாம். ராத்திரியில் டிரான்சிஸ்டரைத் திருகி இலங்கை வானொலி பிடித்த தலைமுறைக்கு இது உடனே புரியும். நிலையம் பலமாக இருந்தால் பாட்டு மட்டும் கேட்கும். நிலையம் பலவீனமாக இருக்கும்போது வால்யூமைக் கூட்டினால் பாட்டோடு சேர்ந்து 'உஸ்ஸ்' சத்தமும் கூடும். அந்த 'உஸ்ஸ்' புதிதாக வந்ததில்லை; எப்போதும் இருந்ததுதான். பாட்டு சன்னமானதால் காதில் விழுகிறது.

தெர்மல் கேமராவும் அதையேதான் செய்கிறது. எதிரே கொதிக்கும் பால் பாத்திரமும் குளிர்ந்த மேடையும் இருந்தால், வித்தியாசம் பல பத்து டிகிரி. கேமராவின் நடுக்கம் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு என்றால், அந்தப் படத்தில் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் எதிரே இருப்பது மழையில் ஊறிய சுவர். மொத்தச் சுவரிலும் ஒரு டிகிரிகூட வித்தியாசம் இல்லை என்று வையுங்கள். கேமரா என்ன செய்யும்? இருக்கும் ஒரே டிகிரியை இழுத்து நீலத்திலிருந்து மஞ்சள் வரை எல்லா நிறத்தையும் அதற்குள் அடைக்கும். வால்யூமைத் தானே கூட்டுகிறது. இப்போது பத்தில் ஒரு பங்கு நடுக்கம், நிறப்பட்டையிலும் பத்தில் ஒரு பங்கு. படம் முழுக்க மணல்.

பெரிய கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. அது உள்ளதை உள்ளபடி காட்டியது. கைபேசிக் கேமரா அந்த மணலை மென்பொருளால் துடைத்துவிட்டது. துடைக்கும்போது வேறு எதையெல்லாம் சேர்த்துத் துடைத்தது என்பதுதான் கேள்வி.

மழைநாளில் ஏன் எல்லாம் ஒரே நிறம்?

ஈரச் சுவர் குளிர்ச்சியாகத் தெரிய வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். மண்பானையில் தண்ணீர் குளிர்வது அப்படித்தான். ஆனால் மூன்று நாள் அடைமழையில் காற்றே நனைந்து கிடக்கிறது. துணியே காயாதபோது சுவர் எப்படிக் காயும்? ஆவியாவது நின்றால் குளிர்ச்சியும் நிற்கும். வெயிலும் இல்லாததால் சுவர், கூரை, அறைக்காற்று எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்துவிடுகின்றன. ஒழுகலைத் தேட நாம் கேமராவை எடுக்கும் அந்த நாள்தான் கேமராவுக்கு மிக மோசமான நாள்.

மழை இல்லாவிட்டாலும் இப்படி ஒரு நேரம் தினமும் வரும். பகலில் பாறை, இலையைவிட அதிகம் சூடேறும். இரவில் இரண்டும் ஆறும். நடுவில், காலையில் ஒரு தடவையும் மாலையில் ஒரு தடவையும், இரண்டும் ஒரே சூட்டைக் கடந்து போகும். அந்தச் சில நிமிடங்களுக்குத் தெர்மல் படத்தில் பாறையையும் இலையையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

கோவை மதுக்கரைக் காட்டுக்குள் போகும் ரயில் பாதையில் யானைகள் அடிபடாமல் காக்க, 2024 பிப்ரவரியில் 12 கண்காணிப்புக் கோபுரங்களோடு ஓர் ஏற்பாடு தொடங்கப்பட்டது. அவற்றில் தெர்மல் கேமராவோடு சாதாரணக் கேமராவும் இருக்கிறது. குளிர்ந்த இரவுக் காட்டில் யானையின் பெரிய உடம்பு தனியாகத் தெரியும். உச்சி வெயிலில் சுற்றியுள்ள பாறையும் மண்ணும் அதே அளவுக்குச் சூடாகியிருந்தால் சூட்டை மட்டும் வைத்து அடையாளம் காண்பது சிரமம். பக்கத்தில் சாதாரணக் கண் ஒன்றும் இருப்பது அப்போது உதவும்.

சுவரில் ஒரு கை

காபி டம்ளரைக் கீழே வைத்த சித்தப்பா எழுந்து வந்தார். "ரெண்டு கேமராவுல எது ஒழுங்குன்னு பார்க்கணும், அவ்வளவுதானே?" என்றார். உள்ளங்கையை விரித்துச் சுவரில் வைத்தார். மனசுக்குள் ஐந்து எண்ணிவிட்டுக் கையை எடுத்தார். "இப்ப ரெண்டையும் பிடிங்க மாப்பிள்ளை."

இரண்டு திரையிலும் ஐந்து விரலும் பளிச்சென்று தெரிந்தன. அரை நிமிடம் ஆனது. வழவழப்பான கைபேசிப் படத்தில் விரல்கள் கலைந்து, வெறும் மங்கல் திட்டாகி, பிறகு அதுவும் இல்லாமல் போனது. மணல் இறைத்த பெரிய கேமராவில் ஒரு நிமிடம் தாண்டியும் விரல்களைத் தனித்தனியாக எண்ண முடிந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சூடு ஆற ஆற வித்தியாசம் குறைந்துகொண்டே போகிறது. எந்தக் கேமரா கடைசிவரை அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறதோ, அதுதான் நுட்பமானது. படம் அழகாக இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

கேமராப் பெட்டியில் இதையே என்.இ.டி.டி. என்று ஓர் எண்ணாகப் போட்டிருப்பார்கள். கேமராவின் நடுக்கத்துக்குச் சமமான வெப்ப வித்தியாசம் என்று பொருள். மில்லி கெல்வினில் சொல்வார்கள். 50 என்றால் ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு. 100 என்றால் பத்தில் ஒரு பங்கு. எண் சிறியதாக இருந்தால் நல்லது. ஆனால் இந்த எண்ணைப் பெரும்பாலும் 30 டிகிரி சூட்டில், ஆய்வகத்தில் அளப்பார்கள். மென்பொருளால் துடைத்த பிறகு அளந்தாலும் எண் சிறியதாகத்தான் வரும். அதனால் கடையில் வாங்கும்போது மேஜையில் கையை வைத்துப் பார்க்கும் சித்தப்பா சோதனையையும் செய்துவிடுங்கள்.

ஒப்பிட்டால் ஒழுங்காக ஒப்பிட வேண்டும்

இன்னொரு தப்பையும் நாங்கள் செய்திருந்தோம். ஒரு கேமரா ஒரு டிகிரியை முழு நிறப்பட்டையாக விரித்திருந்தது. இன்னொன்று பத்து டிகிரியை விரித்திருந்தது. ஒருவர் காதோடு காதாகப் பேச, இன்னொருவர் கூரை மேல் நின்று கத்த, யார் குரல் இனிமை என்று தீர்ப்பு சொன்ன மாதிரி ஆகிவிட்டது. இரண்டிலும் வெப்ப அளவை ஒரே எல்லைக்குப் பூட்டிவிட்டுப் பார்த்தபோது, பெரிய கேமராவின் மணல் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது.

உங்கள் வீட்டிலோ கடையிலோ இரண்டு தெர்மல் கேமராக்களை ஒப்பிட நேர்ந்தால், இவற்றை மனதில் வையுங்கள்:

* ஆன் செய்ததும் நம்பாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடட்டும். கேமராவே சூடாகி நிலைக்கு வரவேண்டும்.

* நடுவில் 'க்ளிக்' என்று ஒரு சத்தம் வரும். உள்ளே ஒரு தகடு குறுக்கே வந்து, உணரிகளைச் சமன் செய்கிறது. அந்த க்ளிக் முடிந்த பிறகு படம் எடுங்கள்.

* ஒரே சுவர், ஒரே தூரம், ஒரே நேரம், ஒரே நிறப்பட்டை, ஒரே வெப்ப எல்லை.

* பளபளக்கும் எவர்சில்வர், கண்ணாடி, டைல்ஸ் வேண்டாம். அவை உங்கள் முகத்தின் சூட்டையே திருப்பிக் காட்டும்.

* சந்தேகமான புள்ளி தெரிந்தால் கேமராவை மெல்ல நகர்த்துங்கள். துடித்து மறைந்தால் அது இரைச்சல். திரையோடு சேர்ந்து நகர்ந்தால் கேமராவின் குறை. சுவரிலேயே அதே இடத்தில் நின்றால் அதுதான் செய்தி.

* கேமராவை ஆடாமல் வைத்துப் பல படங்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். 16 படம் சேர்த்தால் துடிக்கும் இரைச்சல் நான்கில் ஒரு பங்காகும். ஆனால் துடிக்காமல் ஒரே இடத்தில் நிற்கும் கேமராக் குறை இதில் போகாது.

உள்ளே கங்கு

கடைசிக் குறிப்பைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை பெரிய கேமராவை சுவிட்ச் போர்டின் பக்கம் திருப்பினார். மணலுக்கு நடுவே எதுவும் தெரியவில்லை. "அப்பவே சொன்னேனே மாமா, ஒண்ணுமில்லை."

சித்தப்பா கேட்டார்: "கீசர் ஓடுதா?"

ஓடவில்லை.

"பழுப்பு நிலக்கரிக் குவியலைப் பார்த்திருக்கியா பாப்பா?" என்று என் பக்கம் திரும்பினார். நெய்வேலிக்காரர்களுக்கு எந்தப் பேச்சும் சுரங்கத்தில்தான் போய் முடியும். ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக வெளிவந்த கரிதான், 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனமாகவும் 1962-ல் மின்சாரமாகவும் ஆனது. அந்தக் கரிக்கு ஒரு குணம் உண்டு. வெட்டிக் குவித்து வைத்தால் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு மெல்லச் சேர்ந்து தானாகவே சூடாகும். சூடு வெளியே போக வழியில்லாவிட்டால் யாரும் கொளுத்தாமலே பற்றிக்கொள்ளும்.

"உள்ளே கங்கா இருக்கும். ஆனா கரி சூட்டைச் சீக்கிரம் கடத்தாது. அதனால மேலே தொட்டா பக்கத்து இடத்துக்கும் அதுக்கும் ஒரு டிகிரி ரெண்டு டிகிரிதான் வித்தியாசம் இருக்கும். எங்க காலத்துல மூக்கும் கண்ணும்தான் கேமரா. மழை பெஞ்சு குவியல் நனைஞ்சிருக்கும்போது, ஒரு இடம் மட்டும் முதல்ல காய்ஞ்சா அங்க போய்ப் பார்ப்போம். விடியக்காலையில ஒரு இடத்துல மட்டும் ஆவி எழும்பினா அங்க போய்ப் பார்ப்போம். நடுப்பகல்ல பார்த்தா எல்லாக் குவியலும் வெயில்லயே சுடும், ஒண்ணும் புரியாது."

நீறு பூத்த நெருப்பு என்று நம் பாட்டிகள் சொன்னது இதைத்தான்.

சுவிட்ச் போர்டும் அப்படித்தான். உள்ளே ஒரு திருகு தளர்ந்திருந்தால் அந்த இடத்தில் சூடு பிறக்கும். ஆனால் தெர்மல் கேமரா பிளாஸ்டிக் மூடியை ஊடுருவிப் பார்க்காது. மூடியின் மேற்பரப்பை மட்டும்தான் பார்க்கும். கீசர் ஓடாதபோது மின்னோட்டமே இல்லை, சூடும் இல்லை. 2,000 வாட் கீசர் ஓடினால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் போகும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் தளர்ந்த இடத்தில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். நாங்கள் அடுப்பைப் பற்றவைக்காமலே பாத்திரம் சுடவில்லை என்று சான்றிதழ் கொடுத்திருந்தோம்.

கீசரைப் போட்டுவிட்டு எல்லோரும் தள்ளி நின்றோம். இருபது நிமிடம். கைபேசித் திரையில் அப்போதும் அதே வழவழப்பு நீலம். பெரிய கேமராவில், மணலுக்கு நடுவே, கீசர் சுவிட்சின் வலது பக்கம் ஒரு மங்கலான திட்டு. கேமராவை நகர்த்திப் பார்த்தார் மாப்பிள்ளை. புள்ளிகள் துடித்தன, திட்டு அசையவில்லை. சுற்றிலும் இருந்ததைவிட ஒன்றரை டிகிரிதான் அதிகம்.

உடனே கீசரை நிறுத்திவிட்டோம். மறுநாள் காலை வந்த எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்து, மூடியைக் கழற்றினார். ஒரு முனையில் திருகு தளர்ந்து, ஒயரின் மேலுறை கருகி, செம்பு கறுத்திருந்தது. சுவிட்சின் முதுகு பழுப்பேறி இளகியிருந்தது. கறை அங்கே இறங்கி வர இன்னும் ஒரு முழம்தான் பாக்கி.

"எனக்கு மூக்கு ஜாஸ்தின்னீங்களே" என்றார் சித்தி. சித்தப்பா மறுபடியும் பதில் சொல்லவில்லை.

வித்தியாசத்தை நாமே உண்டாக்கலாம்

கூரை ஒழுகலுக்கு அன்றைக்கு எங்களால் விடை காண முடியவில்லை. கொத்தனார் ஈரத்திட்டுக்கு நேர் மேலே மொட்டை மாடியை உடைக்கலாம் என்றார். "வெயில் அடிக்கட்டும், அதுவரைக்கும் கடப்பாரையைத் தொடாதீங்க" என்று சித்தப்பா நிறுத்திவைத்தார்.

மழை விட்டு இரண்டு நாள் நல்ல வெயில் அடித்தது. இரண்டாவது நாள் மாலை மொட்டை மாடியில் நின்று பார்த்தார்கள். தண்ணீர் குடித்த கான்கிரீட் காய்ந்த கான்கிரீட்டைவிட மெதுவாகத்தான் சூடேறும். வெயிலில் தளம் முழுக்கச் சூடாகியிருக்க, நனைந்த பகுதி மட்டும் குளிர்ச்சியாக, வால் நீண்ட காற்றாடி மாதிரித் தெரிந்ததாம். அந்த வால் போய் முடிந்த இடம் ஈரத்திட்டுக்கு நேர் மேலே இல்லை; ஐந்தடி தள்ளி, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை. இந்தத் தடவை கைபேசிக் கேமராவிலும் அது தெரிந்தது என்று தங்கை போனில் சொன்னாள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் சாதாரணக் கேமராவே போதும். வித்தியாசம் சிறியதாக இருக்கும்போதுதான் நல்ல கேமராவும் பொறுமையும் தேவைப்படுகின்றன.

மாடியில் சோலார் பேனல் போட்டவர்களுக்கும் இதே கணக்குதான். பேனலில் பழுதான செல் சூடாகத் தெரிய, அதன் மேல் நல்ல வெயில் பட வேண்டும். மேகமூட்டமான காலையில் எடுத்த படத்தைக் காட்டி 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று யாராவது சொன்னால், எத்தனை மணிக்கு எடுத்தது, அப்போது வெயில் இருந்ததா என்று கேளுங்கள்.

தெர்மல் படத்தில் எதுவும் தெரியவில்லை என்றால் எதுவும் இல்லை என்று அர்த்தமில்லை. அந்த நேரத்தில், அந்தக் கேமராவுக்கு எட்டும் அளவுக்கு வித்தியாசம் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். கேமராவே இல்லாத வீட்டிலும் ஒன்று செய்யலாம். கீசரோ ஏசியோ அரை மணி நேரம் ஓடிய பிறகு அந்த சுவிட்ச் பக்கம் ஒரு தடவை போய் நில்லுங்கள். கருகல் வாசனை, பழுப்பேறிய மூடி, 'சர்ர்' என்ற மெல்லிய சத்தம், இவற்றில் ஒன்று இருந்தாலும் நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நீங்களே திறக்க வேண்டாம்.

அதைவிட முக்கியம், வீட்டில் யாராவது "கருகுன வாசனை வருது" என்று சொன்னால், அந்த மூக்கை நம்புங்கள்.